வண்டிச் செயின்ல மாட்டுச்சுன்னு எழுதச் சொல்லுவாங்க, எழுத விட்றாதீங்க

கோயமுத்தூர்ல பிரஸ் ஷாப், லேத் பட்டறை, ஃபவுண்டரினு வேலைக்குப் போறவங்க வீட்ல இருக்கற எல்லாரும் இதப் படிங்க, முக்கியமா பொம்பளைங்க படிங்க, ஏன்னா அடிபட்டவரு மயக்கத்துல கெடப்பாரு, அந்த நேரத்துல ஆஸ்பத்திரில என்ன எழுதறாங்கனு பாக்க வேண்டியது நாமதான். எங்க வீட்டுக்காரருக்கு வலது கைல ஆட்காட்டி விரலும் நடு விரலும் பவர் பிரஸ்ல போயிருச்சு. விரல் போனதுக்கப்புறம் எங்களுக்கு வர வேண்டிய பணத்தையும் போக வெக்கறதுக்கு என்னென்ன பண்ணாங்கனு சொல்லத்தான் இத எழுதறேன்.

கணபதி பக்கம் ஒரு யூனிட்டுங்க, பேரு வேண்டாம், பிரச்சனை இன்னும் முழுசா முடியல. பம்ப்செட் மோட்டாருக்கு ஸ்டாம்பிங் அடிக்கற எடம், இருபது பேருக்கு மேல வேலை செய்யறாங்க, பாதிப்பேரு வடக்க இருந்து வந்த பசங்க. இவரு லேபர் கான்ட்ராக்டர் மூலமா சேந்தவரு, சம்பளம் 16,000. அதுல மாசாமாசம் ஈ.எஸ்.ஐ.க்குனு, அதான் தொழிலாளிக்கான அரசாங்கக் காப்பீடு, 120 ரூபா பிடிச்சாங்க. தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம், எங்க பங்க மட்டும் கரெக்டா பிடிச்சாங்க. காப்பீட்டுல சேத்ததுக்கு ஒவ்வொரு தொழிலாளிக்கும் குடுக்கற ஐ.பி. நம்பர் கேட்டா "ஆபீஸ்ல போட்ருக்குது, வந்துரும்"னு ஒரே பதிலு. கடைசி வரைக்கும் கார்டும் வரல நம்பரும் வரல.

2022 ஆடி மாசம், நைட் ஷிப்ட்டு. அந்த பிரஸ்ல கை உள்ள இருந்தா ராம், அதான் மேல இருந்து இறங்கி அடிக்கற பாகம், இறங்காம நிறுத்தற சென்சார் இருக்குது. ஆர்டர் அவசரம்னா சூப்பர்வைசரே அத பைபாஸ் பண்ணி விட்ருவாரு, சென்சார் வேலை செஞ்சா மணிக்கு வர்ற பீஸு கொறையுதாம். ரெண்டு கையிலயும் ரெண்டு பட்டன அமுக்குனாத்தான் இறங்கணும்னு மெஷின் செஞ்சவன் வெச்சிருக்கறான், அதுல ஒரு பட்டன டேப் போட்டு ஒட்டிட்டு இன்னொரு கைய பீஸு எடுக்க விட்ருவாங்க. டைல, அதான் கீழ இருக்கற அச்சுல, பீஸு ஒட்டிக்கிச்சுனு எடுக்கப் போனாரு, ராம் இன்னொரு தடவ இறங்கிருச்சு.

சிங்காநல்லூர்ல அவ்வளவு பெரிய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி இருக்குது, அங்க கூட்டிட்டுப் போகல. ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க போறதுக்கு முன்னாடியே மேனேஜர் போன் பண்ணிச் சொல்லிட்டாரு போல. நான் போய்ச் சேரறப்ப இவரு தியேட்டருக்குள்ள இருக்காரு. மேனேஜர் என்னை ஓரமா கூப்புட்டு, "ஏம்மா, வீட்ல வண்டிச் செயின் தொடைக்கறப்ப மாட்டிக்கிச்சுனு சொல்லிருக்கோம், யாராச்சும் கேட்டா நீயும் அப்படியே சொல்லு, செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும், பிரஸ்னு சொன்னா போலீஸ் வரும், சென்சார ஆஃப் பண்ணது உன் வீட்டுக்காரன்னு ஆயிரும், அப்பறம் கேஸு அவன் மேலதான் பாயும்"னாரு. புருசன் உள்ள இருக்கறப்ப ஒரு பொம்பளைகிட்ட வந்து இப்படிப் பேசறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும் பாருங்க.

இத ஏன் பண்றாங்கனு எனக்கு அப்பறந்தான் வெளங்குச்சு. வேலையில அடிபட்டுச்சுனு எழுதிட்டா கம்பெனி 24 மணி நேரத்துல ஈ.எஸ்.ஐ.க்கு ஆக்சிடென்ட் ரிப்போர்ட் அனுப்பணும், ஃபார்ம் 12னு பேரு. அதுல ஐ.பி. நம்பர் போடணும். நம்பரே இல்லாத ஆளுக்கு என்னத்தப் போடுவாங்க? பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எடத்துல 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கற எல்லாரையும் சேத்திருக்கணும், சேக்கலைங்கறது வெளிய வந்துரும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டரு வந்து சென்சார பாப்பாரு. செயின்னு எழுதிட்டா இதுல ஒண்ணும் கெடையாது, அது வீட்டு விபத்து, அவங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

சென்சார் கழட்டுனா நம்ம மேல கேஸ்னு மிரட்டுறதுக்கும் பயப்படாதீங்க. எங்களுக்கு நடந்தப்ப இருந்த ஈ.எஸ்.ஐ. சட்டத்துல 51-பினு ஒரு பிரிவு. தொழிலாளி விதிய மீறியே வேலை செஞ்சிருந்தாலும், அது முதலாளியோட வேலைக்காகச் செஞ்சதுனா வேலையில பட்ட காயம்தான்னு அது சொல்லுச்சு. தொழிற்சங்கத்துல இருக்கற ஒரு அண்ணன் இதப் படிச்சுக் காட்டுனப்பத்தான் இவரு நிமிந்தே உக்காந்தாரு, அதுவரைக்கும் தன்னைப் போலீஸ் பிடிச்சுட்டுப் போயிருமோன்னே பயந்துட்டுக் கெடந்தாரு.

டிஸ்சார்ஜ் அன்னிக்கு அடுத்த வேலைய ஆரம்பிச்சாங்க. ஆஸ்பத்திரி பில்ல கட்டிட்டு கான்ட்ராக்டரு 40,000 ரூபாயும் ஒரு பத்திரப் பேப்பரும் கொண்டாந்தாரு. வலது கைல கட்டு, எழுத முடியாது, ஊசி போட்டு அரைத் தூக்கத்துல இருக்கற மனுசனோட இடது கைப் பெருவிரல புடிச்சு அழுத்திக்கிட்டாங்க. நான் அப்ப மருந்து வாங்க கீழ போயிருந்தேன், நான் இல்லாத நேரமா பாத்துத்தான் வந்தாங்க. அதுல "முழு திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எவ்விதக் கோரிக்கையும் இல்லை"னு டைப் அடிச்சிருந்துச்சு.

அந்த 40,000 எவ்வளவு பெரிய மோசம்னு கணக்குப் போட்டுக் காட்டறேன், பொறுமையா பாருங்க. சட்டத்துலயே எந்த விரல் போனா எத்தன சதவீதம்னு அட்டவணை இருக்குது. ஆட்காட்டி விரல் முழுசா போனா 14, நடு விரல் முழுசா போனா 12, கட்டை விரல் போனா 30, ஒரே கைல ரெண்டு விரல் போனா 20. ஈ.எஸ்.ஐ.ல இருக்கறவங்களுக்கு காயம் ஆறற வரைக்கும் சம்பளத்துல 90 சதவீதம் வரும். அதுக்கப்புறம் மெடிக்கல் போர்டு போடற சதவீதத்துக்கு ஏத்த மாதிரி ஆயுசு பூரா மாசாமாசம் பணம் வரும், வேற வேலைக்குப் போய்ச் சம்பாதிச்சாலும் அது நிக்காது. 16,000ல 90 சதவீதம் 14,400, அதுல 20 சதவீதம்னா மாசம் கிட்டத்தட்ட 2,880 ரூபா. வருசத்துக்கு 34,000க்கு மேல ஆச்சா? ஆயுசுக்கும் வர வேண்டியத ஒண்ணேகால் வருசத்துக் காசுக்குள்ள முடிக்கப் பாத்திருக்காங்க.

ஈ.எஸ்.ஐ. வராத எடத்துல வேலை செய்யறவங்களுக்கு அப்ப 1923ல வந்த இழப்பீட்டுச் சட்டம் இருந்துச்சு. அங்க கேஸு தொழிலாளர் துணை ஆணையர் ஆபீஸ்ல போடணும், விபத்து நடந்து ரெண்டு வருசத்துக்குள்ள போட்றணும். இவரு வயசு 35, அந்த வயசுக்கு அட்டவணைல 197.06னு ஒரு எண்ணு. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் 15,000 வரைக்குந்தான் கணக்குல எடுப்பாங்க, அதுல 60 சதவீதம் 9,000, அத 197.06ஆல பெருக்கி வர்றதுல 20 சதவீதம் எடுத்தா 3,54,708 ரூபா வருது. ஒரு மாசத்துக்குள்ள குடுக்கலைனா 12 சதவீதம் வட்டி, அதுக்கு மேல அபராதம் வேற போடலாம். கான்ட்ராக்டர் ஆளுனு தட்டிக் கழிக்கவும் முடியாது, வேலை வாங்குன கம்பெனிகிட்டயே கேக்கலாம். உரிமைய விட்டுக் குடுத்தேன்னு எழுதி வாங்கற எந்தப் பத்திரமும் செல்லாதுனு அதே சட்டத்துல 17ஆம் பிரிவு சொல்லுச்சு, அதனால ரேகை வெச்சாச்சே இனி ஒண்ணும் பண்ண முடியாதுனு யாரும் உக்காந்துறாதீங்க. (2025 நவம்பர் 21ல இருந்து இந்தப் பழைய சட்டமெல்லாம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, எங்களுது பழைய சட்டத்துல நடந்தது. புதுசா அடிபட்டவங்க பிரிவு நம்பர ஒரு தடவ கேட்டுக்கங்க.)

தையல் பிரிச்ச கொஞ்ச நாள்லயே "சும்மா வந்து உக்காரச் சொல்லுங்க, லைட் ஒர்க்கு, பீஸு எண்ணுனா போதும்"னு போன். நல்ல மனசுன்னு நெனச்சா, அதுவும் கணக்குத்தான். வேலைக்கு வந்து சம்பளம் வாங்குன நாளுக்கு ஈ.எஸ்.ஐ. பணம் கெடையாது, மஸ்டர்ல, அதான் வருகைப் பதிவேட்டுல, பேரு இருந்தா பெருசா அடியே படலைனு காட்டிக்கலாம். இவரும் போனாரு, ஆயில் பட்ட பீஸத் தொட்டுத் தொட்டு வெட்டுன எடம் சீழ் வெச்சு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்தப் பில்லக் காட்டுனப்ப "அதான் செட்டில்மென்ட் ஆச்சே"னு சொல்லி வேலையவிட்டும் நிறுத்திட்டாங்க. டாக்டர் ஃபிட்னெஸ் சர்டிபிகேட் குடுக்காம எந்த லைட் ஒர்க்குக்கும் அனுப்பாதீங்க, ஈ.எஸ்.ஐ.ல காயத்துக்குப் பணம் வாங்கிட்டு இருக்கற காலத்துல வேலைய விட்டு எடுக்கறதுக்கும் சட்டத்துல தடை இருக்குது.

கை தேறுன கதைய யாரும் எங்களுக்குச் சொல்லித் தரல, அதனால இதையும் சொல்லிடறேன். இல்லாத விரல் நுனியில எரியுதும்பாரு, ராத்திரி எந்திரிச்சு உக்காந்து அந்த எடத்தத் தடவுவாரு, எனக்கு முதல்ல பயமா இருந்துச்சு, புத்தி கலங்கிருச்சோன்னு. அது விரல் போனவங்க பலபேருக்கு வர்றதுனு பிசியோதெரபி பண்ற பொண்ணு சொல்லுச்சு. வெட்டுன எடத்துல துணி பட்டாலே துடிப்பாரு. முதல்ல பஞ்சு, அப்பறம் பருத்தித் துணி, அப்பறம் துண்டுனு கொஞ்சங் கொஞ்சமா தேச்சுப் பழக்கணும், பாத்திரத்துல அரிசியக் கொட்டி கைய உள்ள விட்டு அளையணும். மிச்சமிருக்கற விரலும் கட்டுப் போட்டே வெச்சிருந்ததுல வெறச்சுப் போயிருந்துச்சு, பிசியோவ ஆரம்பத்துலயே தொடங்கியிருந்தா இவ்வளவு வெறச்சிருக்காதுன்னாங்க. தனியார் ஆஸ்பத்திரில அத யாரும் எழுதியே குடுக்கல, கம்பெனிக்கு பில்லு கொறையணுமே. சட்டப் பட்டன் போட, சோத்தப் பெசைய, கையெழுத்துப் போட, எல்லாத்தையும் புதுசா பழகுனாரு. மார்கழிக் குளுருக்கு இன்னமும் அந்த எடம் கடுக்குது.

சரி, எப்படித் திருப்புனோம்? சங்கத்து அண்ணன் சொன்னபடி முதல்ல ஆஸ்பத்திரில கேஸ் ஷீட்டு முழுசா காப்பி வேணும்னு எழுதிக் குடுத்தேன். நோயாளி கேட்டா 72 மணி நேரத்துல குடுக்கணும்னு டாக்டருங்களுக்கே விதி இருக்குது. இழுத்தடிச்சாங்க, விதிய எழுதிக் குடுத்ததும் வந்துச்சு. டிஸ்சார்ஜ் சம்மரில செயின்னு இருக்குது, ஆனா கேஷுவால்ட்டில ராத்திரி டூட்டில இருந்த நர்ஸ் எழுதுன முதல் குறிப்புல "மெஷின் பிரஸ், ஒர்க் பிளேஸ்"னு அவங்க கைப்பட இருக்குது. அந்த நர்ஸ் யாருன்னு எனக்குத் தெரியாது, அவங்க நல்லா இருக்கணும். அதோட, சூப்பர்வைசர் அன்னிக்கு ராத்திரி இன்னொரு பையனுக்கு அனுப்புன வாய்ஸ் மெசேஜ், "பிரஸ்ல கை மாட்டிருச்சு, வண்டிய எடு"னு. அந்தப் பையன் அத எங்களுக்கு அனுப்பி விட்டான். சம்பளம் ஜிபேல வந்த ஸ்கிரீன்ஷாட்டும் 120 பிடிச்ச சம்பளச் சீட்டும் இருந்துச்சு. எல்லாத்தையும் வெச்சு ஈ.எஸ்.ஐ. துணை மண்டல ஆபீஸ்ல மனு குடுத்தோம்.

அங்க பாத்தா இவரு பேருல ஐ.பி. நம்பர் இருக்குது, ரிஜிஸ்டர் பண்ண தேதி அடிபட்டதுக்கு மறுநாள்! எங்ககிட்ட பிடிச்ச காசு அதுவரைக்கும் எங்க போச்சு? பிடிச்சத கட்டாம வெச்சிக்கறது நம்பிக்கை மோசடிங்கறது சட்டம். பேரு சேக்காம விட்டது முதலாளி தப்புதான், அதுக்காக தொழிலாளிக்குப் பணம் இல்லைனு ஆகாது, ஈ.எஸ்.ஐ. குடுத்துட்டு முதலாளிகிட்ட வசூல் பண்ணிக்கும். வேலையில பட்ட காயத்துக்கு இத்தன மாசம் சந்தா கட்டியிருக்கணுங்கற கணக்கும் கெடையாது, சேந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. அதிகாரி நேர்ல போய் மஸ்டரு, வவுச்சரெல்லாம் பாத்து வேலையில பட்ட காயம்தான்னு எழுதுறதுக்குள்ள எங்க நகையெல்லாம் அடகுக்குப் போயிருச்சு.

பிராஞ்ச் ஆபீஸ் வாசல்ல நிக்கற புரோக்கருங்களையும் சொல்லிடணும். ஒருத்தரு வந்து "போர்டுல 40 சதவீதம் போட வெக்கறேன், 50,000 குடு"ன்னாரு. ரெண்டு விரலுக்கு அட்டவணைலயே 20னு அச்சடிச்சு இருக்கறப்ப இவரு எங்கிருந்து 40 வாங்கித் தருவாரு? போர்டு கொறச்சுப் போட்டா மேல்முறையீடு பண்ணலாம், அதுக்கும் இவங்க தேவையில்ல. காசு குடுக்காதீங்க.

எங்களுக்கு போர்டு 20தான் போட்டுச்சு. மாசப் பணம் பேங்க்ல விழுந்துட்டு இருக்குது. வேலைய விட்டு நிறுத்துனதுக்கும் ரெண்டாவது ஆஸ்பத்திரிச் செலவுக்கும் இன்னும் அலைஞ்சிட்டு இருக்கோம். சென்சார் விசயமா தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்துல தனியா ஒரு புகார் குடுத்திருக்கறோம், அதுக்குப் பதில் வரல. அதே பிரஸ்ல இப்ப பத்தொம்பது இருபது வயசு ஒடிசாப் பையன் ஒருத்தன் நிக்கறான், அவனுக்கும் சம்பளத்துல ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்க. போன வாரம் இவரு அவனக் கூப்புட்டு, போன்ல ஈ.எஸ்.ஐ. தளத்த எடுத்து அவனோட நம்பரு இருக்குதானு ரெண்டு பேருமா பாத்தாங்க. நம்பர் இல்ல. அவனோட சம்பளச் சீட்டையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்து வெச்சிருக்கோம், திங்கக்கெழமை அவனையும் கூட்டிட்டு துணை மண்டல ஆபீஸ் போறோம்.