நோய் யாருக்கு? கன்னியாகுமரி ஆசிரியர்கள் எந்த விடுப்பை எடுப்பது நல்லது

அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி இரண்டிலும் விடுப்பு விதி ஒன்றுதான். நம் மாவட்டத்தில் திருச்சபைப் பள்ளிகள் நிறைய இருப்பதால் இதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. தாளாளர் தனியாக விதி போட முடியாது.

உங்களுக்கே காய்ச்சலா, அறுவைச் சிகிச்சையா? எம்.எல். (மருத்துவ விடுப்பு) எடுங்கள். முழுச் சம்பளம் உண்டு. பணிக்காலம் ஏற ஏற வரம்பும் ஏறும்: ஐந்து ஆண்டுக்குள் 90 நாள், 20 ஆண்டைத் தாண்டினால் 540 நாள். இது மொத்தப் பணிக்காலத்துக்கும் சேர்த்த கணக்கு. மீதியைக் காசாக்க முடியாது. ஈ.எல். (ஈட்டிய விடுப்பு) ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 17 நாள்தான் சேரும். 240 நாள் வரை சேர்த்து ஓய்வின்போது பணமாக்கலாம். பணியில் இருக்கும்போதே ஈ.எல்.லை ஒப்படைத்துப் பணம் வாங்கும் சரண்டர் 2020-ல் நின்றது; அதுவும் 2025 அக்டோபரில் திரும்ப வந்துவிட்டது. சொந்த நோய்க்கு ஈ.எல்.லைச் செலவழிப்பது கைக்காசை வீணாக்குவதுதான்.

இரண்டு மூன்று நாள் காய்ச்சலுக்கு மட்டும் சி.எல். (தற்செயல் விடுப்பு) மேல். ஒருவர் டிசம்பர் 1 முதல் 5 வரை வரவில்லை, ஐந்தும் வார நாட்கள், 3-ம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு உள்ளூர் விடுமுறை என்று வைத்துக்கொள்வோம். சி.எல். என்றால் 4 நாள்தான் கழியும், எம்.எல். என்றால் இடையில் வந்த விடுமுறையும் சேர்ந்து 5. ஆனால் சி.எல். ஆண்டுக்கு 12 நாள்தான். விடுமுறைகளோடு சேர்த்தும் தொடர்ச்சியாக 10 நாளைத் தாண்டக்கூடாது, எம்.எல்., ஈ.எல்.லோடு ஒட்டவும் முடியாது. எம்.எல். முடிந்து திரும்பும் நாளில் உடற்தகுதிச் சான்று கையில் இல்லாவிட்டால் பணியில் சேர முடியாது. நோய்ச் சான்று வாங்கும்போதே அதையும் மருத்துவரிடம் பேசி வைத்துவிடுங்கள்.

அம்மாவைத் திருவனந்தபுரம் மருத்துவமனையில் சேர்த்துவிட்டுத் துணைக்கு இருக்க வேண்டுமா? இங்கேதான் பலர் தவறுகிறார்கள். எம்.எல். உங்கள் நோய்க்கு மட்டுமே. சும்மா ஒரு சான்று வாங்கி எம்.எல். போட்டுவிட்டு, மருத்துவக் குழுவிடம் அனுப்பினால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். இதற்கு ஈ.எல்.தான் சரி. அது தீர்ந்தால் சொந்த அலுவல் விடுப்பு உண்டு, ஆனால் அரைச் சம்பளம்.

மகப்பேறுக்கு அரசு, உதவிபெறும் பள்ளி ஆசிரியைகளுக்கு 2021 ஜூலையிலிருந்து 365 நாள், முழுச் சம்பளம், வேறு எந்தக் கணக்கிலும் கழியாது. தனியார் சுயநிதிப் பள்ளியில் 26 வாரம், பாதிதான். அப்பாக்களுக்கு மாநில விதியில் எதுவும் இல்லை. மத்திய அரசுப் பள்ளியான நாகர்கோவில் கேந்திரிய வித்யாலயா ஆசிரியருக்கு 15 நாள் உண்டு. குழந்தை பராமரிப்புக்கு 730 நாள் அங்குள்ள பெண் ஆசிரியர்களுக்கு உண்டு; மாநில அரசுப் பள்ளியில் இல்லை. இந்த இடைவெளியை அரசு சரிசெய்தே ஆக வேண்டும்.

சுயநிதிப் பள்ளி ஆசிரியர்களுக்கு, சம்பளம் 21,000-க்குள் என்றால், இ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடுதான் ஊன்றுகோல். 15,000 சம்பளத்தில் உங்களிடம் பிடிப்பது 112.50 ரூபாய், பள்ளி போட வேண்டியது 487.50. நோய்க்காலப் பணம் நாள் ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாளுக்குப் பணம் இல்லை. பத்து நாள் படுத்தால் எட்டு நாளுக்கு நாளொன்றுக்கு 350 வீதம் 2,800 ரூபாய் வரும். சான்றை இ.எஸ்.ஐ. மருந்தகத்திலேயே வாங்குங்கள், தனியார் மருத்துவர் சீட்டை நம்பி இருந்தால் பணம் இழுபடும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் ஒன்பது மாதம் நோய்க்காலப் பணம் கிடையாது, சிகிச்சை மட்டும் உண்டு.

சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடும் நிர்வாகங்களும் இருக்கின்றன. காப்பீட்டு எண்ணைப் போட்டு இ.எஸ்.ஐ. இணையதளத்தில் மாதாமாதம் பாருங்கள். ஆறு மாதத்தில் 78 நாள் பங்களிப்பு ஏறாவிட்டால் அடுத்த ஆறு மாதப் பயன்காலத்தில் நோய்க்காலப் பணம் கேட்க முடியாது. சம்பளத்தைக் குறைத்துக் காட்டியிருந்தால் அதையும் அப்போதே எழுத்தில் கேளுங்கள், ஏனென்றால் மகப்பேறுப் பணமும் அந்தத் தொகையை வைத்துத்தான் கணக்கிடப்படும்.