மருந்துச் சீட்டின் அசலை எவரிடமும் கொடுக்காதீர்கள்

தங்கச்சிமடம், பாம்பன், மண்டபம் பக்கம் கையில் ஒரு ஃபைலோடு ஒருவர் வீடு வீடாக வருகிறார். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டு யாராவது அவதிப்பட்டார்களா என்று விசாரிக்கிறார். மருந்துக் கம்பெனியிடமிருந்து நஷ்டஈடு வாங்கித் தருவதாகச் சொல்கிறார். எங்களிடம் 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பணத்தைவிட, அவர் கொண்டுபோன காகிதங்கள்தான் எங்களை முடக்கிப் போட்டன.

என் தம்பிக்கு அப்போது 22 வயது. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போய், மூன்று மாதம் சிறையில் இருந்து திரும்பினான். படகு திரும்பவில்லை. வந்தவன் வலையைத் தொடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பான். அம்மா ஓரியூர் தேவாலயத்துச் செம்மண்ணை நெற்றியில் பூசிவிட்டார். ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போகலாம் என்றார்கள் உறவினர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று அந்த ஊரில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தவர்கள் தப்ப வழியில்லாமல் 28 பேர் மாண்டுபோனதை எங்கள் கரையில் யாரும் மறக்கவில்லை. டாக்டரிடம்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். அது சரியான முடிவு என்றே இன்றும் சொல்வேன்.

2023 மார்ச்சில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். ஐந்து நிமிடத்தில் எஸ்சிடாலோபிராம் என்ற மன அழுத்த மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆறாம் நாளிலிருந்து தம்பியால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. 'உள்ளுக்குள் யாரோ ஓடுகிறார்கள் அண்ணே' என்பான். இரவு இரண்டு மணிக்குக் கரையில் நடந்துகொண்டிருப்பான். திரும்பப் போய்ச் சொன்னோம். நோய் முற்றுகிறது என்று மாத்திரையின் அளவைக் கூட்டினார்கள். அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில், கடலில் இடுப்பளவு நீரில் அசையாமல் நின்றிருந்தான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கையைப் பிடித்து அழைத்து வந்தேன்.

பயந்துபோன அம்மா மாத்திரைகளைத் தூக்கி எறிந்துவிட்டார். அதுவும் தவறாகிவிட்டது. தலையைத் திருப்பினாலே மண்டைக்குள் மின்சாரம் அடிப்பது போல இருக்கிறது என்றான். கிறுகிறுப்பில் வள்ளத்திலிருந்து விழப்பார்த்தான்.

இந்த வகை மருந்து 25 வயதுக்கு உட்பட்ட சிலருக்கு, குறிப்பாக ஆரம்ப வாரங்களில், தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொல்லியிருக்கிறது. 2004-இல் சிறார்களுக்கு என்று சொன்னார்கள்; 2007-இல் 24 வயது வரை நீட்டினார்கள். இருப்புக்கொள்ளாத தவிப்பும் அறியப்பட்ட பக்க விளைவுதான். திடீரென நிறுத்தக் கூடாது என்பதும் பழைய செய்திதான். எங்களிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. மருந்துக் கடையிலோ இரண்டாம் முறை சீட்டே கேட்கவில்லை. பில் கிடையாது. அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தார்கள். என்னிடம் மிஞ்சியிருக்கும் துண்டில் பெயரின் கடைசி எழுத்துகள் 'பிராம்' என்று மட்டும் இருக்கின்றன. தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) கம்பெனிப் பெயரும் கடைக்காரர் வைத்துக்கொண்ட பாதியோடு போய்விட்டன.

அந்த ஆகஸ்டில்தான் ஃபைல்காரர் வந்தார். கிளாக்சோஸ்மித்கிளைன் கம்பெனி 2012-இல் 300 கோடி டாலர் கட்டிய செய்தியைக் காட்டினார். செய்தி உண்மை. பராக்ஸெட்டின் என்ற மன அழுத்த மருந்தை, அனுமதி இல்லாமல் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குப் பரிந்துரைக்கத் தூண்டியது அதில் ஒரு குற்றச்சாட்டு. ஆனால் அது அமெரிக்க அரசோடு செய்துகொண்ட தீர்வு. தங்கச்சிமடத்துக்கு அதில் பங்கு கிடையாது. மருந்தே வேறு. நான் அதைக் கேட்டிருக்க வேண்டும். தம்பிக்கு ஏதாவது நியாயம் கிடைக்காதா என்ற ஏக்கத்தில் கேட்கவில்லை. கிளினிக் சீட்டு, முதல் பில், தம்பியின் ஆதார் நகல் எல்லாம் அவரிடம் போயின. 'அசல் இருந்தால்தான் அமெரிக்காவில் ஏற்பார்கள்' என்றார். ஒவ்வொரு மாதமும் 'அடுத்த மாதம்' என்றே சொன்னார். பிறகு தொலைபேசியை எடுக்கவில்லை.

2025-இல் இராமநாதபுரத்தில் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, பாதிப்பு நடந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்க வேண்டும். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், சிகிச்சைக்கோ மருந்துக்கோ நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை. நாமே போய் வாதாடலாம். மருந்து தயாரித்தவர் மீதும் வழக்குப் போடலாம், ஆனால் டாக்டரின் மேற்பார்வையில் கொடுக்கும் மருந்து என்றால், டாக்டருக்குத் தக்க எச்சரிக்கை கொடுத்துவிட்டோம் என்று காட்டிக் கம்பெனி தப்பித்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. எங்களுக்குச் சொல்லாமல் விட்டவர்களையும், சீட்டும் பில்லும் இல்லாமல் விற்றவர்களையும்தான் கேட்டிருக்க வேண்டும். 'தாமதத்துக்குக் காரணம் காட்டி மனுப் போடலாம். சரி, அசல் எங்கே?' என்றார் வழக்கறிஞர். நான் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். தம்பியை மீட்டதும் மருத்துவம்தான். அரசு மருத்துவமனையின் மனநல டாக்டர் அரைமணி நேரம் உட்காரவைத்துப் பேசினார். வேறு மருந்துக்கு மாற்றி, மெல்ல மெல்ல அளவைக் குறைத்தார். இப்போது கடலுக்குப் போகிறான். உங்கள் வீட்டில் யாருக்காவது தவிப்போ சாக வேண்டும் என்ற எண்ணமோ வந்தால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம். பக்க விளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 இருக்கிறது. நோயாளியின் வீட்டாரே கூப்பிடலாம்.

ஃபைல்காரர் மீது போலீசில் புகார் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். பாம்பனில் இன்னும் இரண்டு குடும்பங்கள் அவரிடம் அசலைக் கொடுத்திருக்கின்றன. நீங்களும் கொடுத்திருந்தால், கொடுத்த நாளையும் தொகையையும் மறப்பதற்குள் எழுதிவைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போங்கள். இரண்டு ஆண்டு முடியாதவர்கள் கிளினிக்கில் சிகிச்சைப் பதிவின் நகலை எழுத்துமூலமாகக் கேளுங்கள்.