சிவப்பு வட்டம் தேயும் டைமர்: மூன்று மாத அனுபவம்

ஏடிஹெச்டி (கவனம் ஒரிடத்தில் நிலைக்காத, துறுதுறுப்பு அதிகமான நிலை) உள்ள என் எட்டு வயது மகனுக்காக 60 நிமிட விஷுவல் டைமர் வாங்கினேன். திருப்பி வைத்தால் சிவப்பு வட்டம் மெல்ல மெல்லத் தேயும்; நேரம் ஓடுவதே உறைக்காத பிள்ளைக்கு "இன்னும் பத்து நிமிஷம்தான்" என்று சொல்வதைவிட இது நன்றாகப் புரிகிறது. ஒரு கையில் ஷூவோடு பால்கனியில் எறும்பு பார்த்துக்கொண்டு நிற்பவனிடம் கத்தித் தீர்த்துவிட்டு, ஸ்கூல் வேன் போனதும் பாத்ரூமுக்குள் போய் அழுவேன், வாரத்துக்கு நாலு நாள் நடந்தது இப்போது ஒரு நாள்தான். "எல்லாம் வளர்ப்பு சரியில்ல" என்ற மாமியாரே டைமரைத் திருப்பி வைக்கிறார்! குறை என்றால் கடைசியில் வரும் கீச் சத்தம். அவன் காதைப் பொத்திக்கொள்கிறான், குறைக்க வழியில்லை, ஸ்பீக்கர் மேல் செலோடேப் ஒட்டியிருக்கிறேன். அப்புறம், ஹோம்வொர்க்குக்கு இது உதவவில்லை, வட்டத்தையே பார்த்தபடி உட்கார்ந்துவிடுகிறான்.