கொழும்பில சின்ன கம்பஸ்: ரெண்டு வருஷம் பாத்த பிறகு எழுதுறன்

மகளுக்கு ஏ/எல் சோதினையில அரச கம்பஸுக்குப் போற அளவுக்கு இசட் ஸ்கோர் காணாம போய், கடைசில கொழும்பிலயே ஒரு சின்ன தனியார் கம்பஸ்ல சேர்த்தனாங்கள், இப்ப ரெண்டு வருஷம் தாண்டிட்டுது. பேர் போடேல்ல. நல்லதும் எழுதப்போறன் கெட்டதும் எழுதப்போறன், பிள்ளை இன்னும் அங்கதான் படிக்கிறா. காலி வீதியில இருந்து கடல் பக்கம் இறங்கிற ஒரு லேனுக்குள்ள நாலு மாடி பில்டிங், கிரவுண்ட் எண்டு ஒண்டும் இல்ல, கன்டீன் சுமார், ஃபீஸ் எல்லா இடத்திலயும் போலத்தான். அதை விடுவம், எல்லாரும் கேக்கிறது பாதுகாப்பைப் பத்தித்தானே.

எங்கட ஆக்களுக்கு கொழும்பு, பாதுகாப்பு எண்ட ரெண்டையும் சேர்த்துச் சொன்னாலே பழசுதான் ஞாபகம் வரும். 2007 ஜூன்ல லொட்ஜுகள்ல இருந்த தமிழ் ஆக்கள பஸ்ல ஏத்தி வடக்கு கிழக்குக்கு அனுப்பி, உச்ச நீதிமன்றம் தடை போட்ட பிறகு நிப்பாட்டினதை எல்லாம் பாத்துக்கொண்டு இருந்தவை நாங்கள். இண்டைக்கும் என்ர அம்மா பேத்திட்ட ஃபோன்ல முதல் கேக்கிறது ஐடென்டிடி கார்ட் கையில இருக்கோ எண்டுதான். பேத்திக்கு இருக்கிற ஒரே பயம் ஃபோன் சார்ஜ் இறங்கிடுமோ எண்டு!

சின்ன இடம் எண்டதால கிடைக்கிற பெரிய நன்மை, பிள்ளைய ஆருக்காவது தெரிஞ்சிருக்கும். மகளுக்கு காய்ச்சல் வந்து ரெண்டு நாள் போகேல்ல, மூண்டாம் நாள் காலமை ஆஃபிஸ்ல இருக்கிற மிஸ் எடுத்து டெங்கு டெஸ்ட் செய்தாச்சோ எண்டு கேட்டவ. மழைக் காலத்தில கொழும்பில அது கேக்க வேண்டிய கேள்விதான், ஆனா அவ கேட்டவ எண்டதுதான் எனக்குப் பெரிசு. என்ர அக்கான்ர மகன் படிக்கிற பெரிய இடத்தில அவன் ஒரு மாசம் போகாட்டியும் சிஸ்டத்தில இருந்து ஈமெயில் மட்டும் வரும்.

அடுத்தது செக்யூரிட்டி அங்கிள். வாசல்ல கமரா கனக்க இருக்கு, ஆனா அதைப் பாத்து ஆர் என்ன செய்யினம் எண்டு தெரியாது. 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு எல்லா இடத்திலயும் வந்த பேக் செக் இங்க இப்ப பேருக்குத்தான் நடக்குது. அங்கிள் மட்டும் தன்ர பாட்டுக்கு ஒரு சிஆர் கொப்பி வச்சிருக்கிறார். இருட்டின பிறகு பிக்மி, ஊபர் எது வந்தாலும் நம்பர் பிளேட்டை அதில எழுதி, பிள்ளையின்ர ஃபோன்ல இருக்கிற நம்பரோட சரி பாத்துத்தான் ஏத்தி விடுவார். ஒரு நாள் நான் கூட்டிக்கொண்டு வரப் போய் நிக்கேக்க பாத்தன், மழை கொட்டுது, லேன் முழுக்கத் தண்ணி, நம்பர் மாறி ஒரு ஓட்டோ வந்து நிக்குது. டிரைவர் ஏதோ சொல்லிச் சமாளிக்கிறான், அங்கிள் குடையைப் பிடிச்சபடி சிங்களத்தில ஏசி அதைத் திருப்பி அனுப்பிப்போட்டு, துவே (மகள்) உள்ளுக்கு இரு எண்டு அந்தப் பிள்ளைய வாங்கில இருத்தினவர். இதுக்கு ஒருத்தரும் அவருக்குத் தனிச் சம்பளம் குடுக்கேல்ல. அவர் லீவு எண்டா கொப்பியும் லீவுதான், அதுதான் எனக்கு இருக்கிற கவலை.

பகிடிவதை (ராகிங்) எண்டு சொல்ற அளவுக்கு ஒண்டும் நடக்கேல்ல. ஓரியன்டேஷன்லயே 1998ம் ஆண்டு 20ம் இலக்கச் சட்டத்தை ஸ்லைட் போட்டுக் காட்டினவை, 2 வருஷம் வரைக்கும் கடூழியச் சிறை, பாலியல் துன்புறுத்தல் எண்டா 10 வரைக்கும் போகும் எண்டு. சீனியர்மார் பாட்டுப் பாடச் சொன்னதோட சரி.

ஆனா சின்ன இடத்தின்ர மற்றப் பக்கம் ஒண்டு இருக்கு, அதை ஓபன் டேயில ஒருத்தரும் சொல்லமாட்டினம். வெளியில இருந்து வந்து படிப்பிக்கிற ஒரு சேர் ராவில பொம்பிளைப் பிள்ளையளுக்கு வட்ஸ்அப்ல தேவையில்லாத மெசேஜ் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். பிள்ளையள் ஆரிட்டப் போய்ச் சொல்றது? முறைப்பாடு எடுக்கிற கோர்ஸ் கோர்டினேட்டரும் அவரும் ஒண்டா டீ குடிக்கிற ஆக்கள், இருக்கிறதே முப்பது பேர் பாட்ச், பேர் போடாம எழுதினாலும் ஆர் எழுதினது எண்டு பின்னேரத்துக்குள்ள தெரிஞ்சிடும். பூனைக்கு மணி கட்ட ஆள் இல்லாம ஒரு செமஸ்டரே போயிட்டுது. பேந்து நாங்கள் சில பெற்றோர், யாழ்ப்பாணம் ஹட்டன் எண்டு தூரத்தில இருக்கிற ஆக்களும் சேர்ந்து, ஸ்கிரீன்ஷொட்டுகளை வச்சு நேரா டிரெக்டருக்கே கடிதம் குடுத்தம். அடுத்த செமஸ்டர் டைம்டேபிள்ல அவற்ற பேர் இல்ல. என்ன நடந்தது எண்டு இண்டு வரைக்கும் ஒரு வரி எழுத்தில தரேல்ல. எனக்கு அது சரியாப் படேல்ல, அந்த மனிசன் இப்ப வேற எங்கயோ வேற பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு இருப்பார்தானே.

நாலாம் மாடிப் பின் படிக்கட்டுக் கதவும் அப்பிடித்தான், பூட்டுப் போட்டு, உடைஞ்ச கதிரையள அடுக்கி வச்சிருந்தவை. நெருப்புப் பிடிச்சா எதால இறங்கிறது எண்டு மூண்டு தரம் கேட்ட பிறகு திறந்தவை, இப்பவும் இடைக்கிட கதிரை திரும்பி வரும்.

வெளியில எண்டு பாத்தா எனக்குப் பயம் ரயில் பாதைதான். மரைன் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில ஓடுது, லெக்சர் இல்லாட்டி பிள்ளையள் காதில இயர்ஃபோனோட தண்டவாளத்துக்கு மேலால நடந்து பம்பலப்பிட்டி ஸ்டேஷனுக்குப் போவினம், கேட்டா ஷோர்ட்கட்டாம். அதுக்கு கம்பஸைக் குறை சொல்லி வேலையில்ல.

அடுத்த இன்டேக்குக்கு இப்பிடி இடம் தேடுற ஆக்கள் ஓபன் டேயை மட்டும் பாத்திட்டு காசு கட்டாதேங்கோ. ஒரு வேலைநாள் பின்னேரம் ஏழு மணி போல போய் அந்த லேன்ல நிண்டு பாருங்கோ, எந்த லைட் எரியுது, கேட்டில ஆர் நிக்கினம், கடைசி லெக்சர் முடிஞ்சு வாற பிள்ளையள் எப்பிடி வீட்ட போகினம் எண்டு. அதோட முறைப்பாடு எண்டா ஆரிட்டக் குடுக்கிறது, அவருக்கு மேல ஆர் எண்டு ஆஃபிஸ்ல கேளுங்கோ, ரெண்டு பேரின்ர பேரையும் எழுதி வாங்குங்கோ.