பழைய பின்பால் இயந்திரத்தில் பொருந்தாத காயில்கள்: எதை வைத்து மாற்றுவது?

பல கை மாறி வந்த மின்-இயந்திரப் பின்பால் மேசையின் ஆட்டப் பலகையைத் தூக்கிப் பார்த்தால், பந்தை அடிக்கும் துடுப்பான இடது பிளிப்பரின் காயிலில் (அதை இயக்கும் மின்காந்தக் கம்பிச்சுருளில்) ஓர் எண்ணும் வலது பிளிப்பரின் காயிலில் வேறோர் எண்ணும் இருப்பதை அடிக்கடி காணலாம். இயந்திரம் வருமானம் ஈட்டிய காலத்தில், அன்றைக்கே அதை மீண்டும் ஓட வைக்க வேண்டும் என்பதற்காக, கையில் அகப்பட்டதைப் பொருத்தியிருப்பார்கள். அதனால் ஒரு பக்கத்திலிருந்து அடித்த பந்து உச்சிவரை போகிறது. மறுபக்கத்திலிருந்து அடித்தால் பாதி வழியில் திரும்பிவிடுகிறது. இதைச் சீராக்க நான்கு வழிகள் உண்டு: மூல எண்ணிலேயே புதிதாகச் செய்யப்பட்ட காயில், பிரித்த இயந்திரத்திலிருந்து எடுத்த பழைய காயில், இருப்பதையே மறுபடி சுற்றுவது, இரு பக்கமும் வலிமை கூடிய காயில்களைப் போடுவது. இவற்றுள் கடைசி வழிதான் பலரைக் கவர்கிறது. ஆனால் அதைத்தான் நான் கடைசியில் வைப்பேன்.

முதலில் காயிலின் மேலுள்ள எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். வில்லியம்ஸ் நிறுவன இயந்திரங்களில் ஜி-23-750 என்றிருந்தால் 23 என்பது கம்பியின் கேஜ், அதாவது தடிமன் எண், 750 என்பது சுற்றுகளின் எண்ணிக்கை. எஃப்எல்-21-375/28-400 என்ற பிளிப்பர் காயிலில், இழுப்பதற்கு 21 கேஜ் கம்பியில் 375 சுற்றும், இழுத்ததைப் பிடித்து வைக்க 28 கேஜ் கம்பியில் 400 சுற்றும் உள்ளன. கேஜ் எண் மூன்று கூடினால் கம்பியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழப் பாதியாகும். 23 கேஜ் கம்பியின் விட்டம் 0.57 மில்லிமீட்டர், 26 கேஜ் கம்பிக்கு 0.40 மில்லிமீட்டர். காட்லீப் காயில்களின் எண்ணில் இத்தகைய விவரம் எதுவும் இல்லை என்பதால், அங்கே உதிரிபாகப் பட்டியலையே நம்ப வேண்டும். மின்னழுத்தமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுகிறது: காட்லீப் இயந்திரங்கள் 24 வோல்ட்டை ஒட்டியும், பாலி இயந்திரங்கள் 50 வோல்ட்டிலும் காயில்களை இயக்கின. ஒன்றின் காயிலை மற்றொன்றில் பொருத்தினால், கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிந்தாலும், பிளிப்பர் சோர்ந்து கிடக்கும் அல்லது காயில் கருகும்.

மின்தடையை மட்டும் அளந்து இரு காயில்களும் ஒன்றே என்று முடிவு செய்வது இங்கே பெரும்பாலும் ஏமாற்றிவிடும். இந்த இயந்திரங்களில் பெரும்பாலான காயில்கள் மாறுதிசை மின்னோட்டத்தில் இயங்குகின்றன. நேர்மின்னோட்டத்தில் காயிலின் வலிமையை முக்கியமாகக் கம்பியின் தடிமன் தீர்மானிக்கிறது. சுற்றுகளைக் குறைத்தால் மின்னோட்டம் ஏறி அந்தக் குறையை ஏறக்குறைய ஈடுசெய்துவிடும். மாறுதிசை மின்னோட்டத்திலோ, மின்னோட்டம் மாறுவதைக் காயிலே எதிர்க்கும் மின்தூண்டலின் பங்கு பெரியது. அது சுற்றுகளின் வர்க்கத்தைப் பொறுத்து மாறுவதால், சுற்றுகள் குறையக் குறையக் காந்த விசை வேகமாக ஏறுகிறது. ஆகவே தடித்த கம்பியில் அதிகச் சுற்றுகள் கொண்ட ஒன்றும் மெல்லிய கம்பியில் குறைந்த சுற்றுகள் கொண்ட ஒன்றும் மல்டிமீட்டரில் ஒரே ஓம் காட்டினாலும் ஆட்டத்தில் ஒன்றுபோல் அடிக்காது. அளக்கத்தான் வேண்டுமென்றால், காயிலின் ஒரு முனையை மின்சுற்றிலிருந்து கழற்றிவிட்டு, மீட்டர் கம்பிகளின் சொந்தத் தடையையும் கழித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று ஓம் அளவில் அந்தச் சிறு தொகையே முடிவை மாற்றிவிடும்.

வலிமை கூடிய காயில் முதல் நாளில் மகிழ்ச்சி தரும் என்பது உண்மை. ஆனால் கூடுதல் மின்னோட்டம் முழுவதும் பிளிப்பர் பொத்தானின் தொடுமுனைகள் வழியாகவும், பிளிப்பர் மேலெழுந்ததும் திறக்கும் முடிவுச் சுவிட்ச் வழியாகவும் போகிறது; அவை விரைவில் தீய்கின்றன. காயிலுக்குள் இழுபடும் இரும்புத் தண்டான பிளஞ்சர் போய் மோதும் நிறுத்தி காளான்போல் விரிகிறது, பிளஞ்சரைப் பிளிப்பரோடு சேர்க்கும் இணைப்புத் துண்டு உடைகிறது. அந்த மேசையை வடிவமைத்தவர் சரிவுகளையும் தூரங்களையும் குறிப்பிட்ட ஒரு விசைக்கென்று அமைத்தார். விசை மாறினால் ஆட்டமே வேறாகிவிடும். உண்மையிலேயே மின்சாரம் தாழ்ந்த இடமாக இருந்தால், பல மின்மாற்றிகளில் அதற்கென்றே தரப்பட்டுள்ள உயர் மின்னழுத்த முனைக்கு மாற்றிக்கொள்வது இதைவிட நேர்மையான வழி. வேண்டாதபோது திருப்பியும் வைக்கலாம்.

மூல எண்ணில் கிடைக்கும் புதிய காயிலே என் முதல் தேர்வு. அதில் நைலான் ஸ்லீவ் (பிளஞ்சர் ஓடும் உட்குழாய்) தேயும்போது எளிதில் மாற்றக்கூடியதாக இருப்பது பெரிய நன்மை. பழையவற்றில் பித்தளை ஸ்லீவ் சூட்டில் இறுகி வெளியே வராமல் நின்றுவிடும். ஒன்றை மட்டும் வாங்காமல் இரண்டையும் வாங்குவது நல்லது. பல பத்தாண்டுகள் சூடேறிய காயிலில் கம்பியின் மேற்பூச்சான எனாமல் உதிர்ந்து சில சுற்றுகள் தங்களுக்குள் ஒட்டியிருக்கலாம். அதன் அருகில் புதியதை வைத்தால் எண்கள் பொருந்தினாலும் அடி பொருந்தாமல் போகலாம். பிரித்த இயந்திரத்துக் காயிலின் குறையும் இதுவே: காகித உறை பழுப்பேறாமல், கம்பி சுற்றப்பட்ட உருளையான பாபின் உருகாமல், பிளஞ்சர் உரசாமல் ஓடினால் எடுத்துக்கொள்ளலாம்; இல்லையேல் இன்னொருவரின் பழுதைத்தான் வாங்குகிறோம்.

மறுசுற்றலை நான் இரண்டாம் இடத்தில் வைக்கிறேன், அதுவும் தயக்கமின்றி. புதிய உற்பத்தியில் இல்லாத, அளவில் விசித்திரமான பாபின் கொண்ட காயிலுக்கு வேறு கதியில்லை. பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, எனாமலைச் சுரண்டிய இடத்தில் மைக்ரோமீட்டரால் தடிமனை அளந்து, சுற்றும் திசையையும் குறித்துக்கொண்டால் மூலத்துக்கு மிக நெருங்கியே வரலாம். இரட்டைச் சுற்றுள்ள பிளிப்பர் காயிலில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும்: மூன்று முனைகளில் இரண்டை மாற்றிப் பற்றவைத்தால், பிடித்து வைக்கும் மெல்லிய சுற்று மட்டுமே வேலை செய்து பிளிப்பர் அசைந்தும் அசையாமலும் கிடக்கும். இரு சுற்றுகளும் தொடரிணைப்பில் உள்ள வகையும் பக்க இணைப்பில் உள்ள வகையும் ஒன்றுக்கொன்று நேரடி மாற்றாகாது; முடிவுச் சுவிட்சின் வேலையே இரண்டிலும் வேறு.

மின்னணு இயந்திரத்துக் காயில் ஒன்றை எண் ஒத்திருக்கிறதென்று எடுத்தால், அதன் முனைகளுக்கிடையே டயோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இருக்கிறதா என்று பார்த்து, அதை வெட்டி எடுத்த பிறகே மாறுதிசை மின்னோட்டச் சுற்றில் பொருத்த வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வோர் அலையின் ஒரு பாதியிலும் டயோடு நேராகக் கடத்தி, குறுக்குச் சுற்றாகி, ஃபியூஸை எரித்துவிடும்.

புள்ளிச் சக்கரங்கள், படிப்படியாக நகர்ந்து எண்ணும் படியேற்றிகள், மின்காந்தத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்கள் ஆகியவற்றில் ஒப்பீடே தேவையில்லை. மூல எண்ணைத் தவிர வேறெதையும் வைக்க வேண்டாம். வலிமை கூடினால் சக்கரம் ஒரு படிக்குப் பதிலாக இரண்டு படி தாண்டும்.

காயிலுக்குப் பணம் கொடுக்கும் முன் ஸ்லீவை மாற்றி, பிளஞ்சரை எண்ணெய் இல்லாமல் துடைத்து, முடிவுச் சுவிட்சின் தொடுமுனைகளைத் தேய்த்துச் சரியான இடத்தில் திறக்கும்படி வளைத்துவிட்டு ஆடிப் பாருங்கள். சுவிட்ச் முன்கூட்டியே திறந்தால் நல்ல காயிலும் பலவீனமாகத்தான் தெரியும். திறக்கவே இல்லையென்றால், பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் ஒவ்வொரு நொடியும் இழுப்புச் சுற்று முழு மின்னோட்டத்தில் வெந்துகொண்டிருக்கும்.