ஹொண்டா சிஆர்-வி, கல்லடி மணல், ஆறு வருடம்: வீட்டிலேயே ஒயில் மாற்றிய அனுபவம்

என்னிடம் இருப்பது 2003ஆம் ஆண்டு ஹொண்டா சிஆர்-வி. ஆர்டி5 மாடல், கே20ஏ பெற்றோல் இஞ்சின். 2019 கார்த்திகையில் மீற்றர் 112,000 காட்டியபோது முதன்முதலாக வீட்டில் வைத்து ஒயிலும் பில்டரும் மாற்றினேன். இன்று மீற்றரில் 178,000. இடையில் பதின்மூன்று தடவை மாற்றியாயிற்று, ஒரு தடவைகூட வெளியே கொடுக்கவில்லை.

காசு மிச்சம் பிடிக்கத் தொடங்கிய வேலை இல்லை இது. அதற்கு முதல் ஒரு கராஜில் விட்டு எடுத்திருந்தேன். பில்லில் பில்டருக்கும் காசு போட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து ஏதோ சத்தம் கேட்கிறதே என்று குனிந்து பார்த்தால், பில்டரில் போன மாரியின் சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருக்கிறது. புதுப் பில்டரில் பழைய சேறு எப்படி வரும்? சரி, நானே மாற்றுவோம் என்று, அடியில் ஒயிலை வடிக்கும் வடிபோல்ற்றைக் கழற்றினேன். மரையில் அலுமினியச் சீவல் சுருண்டு வந்தது. இந்த இஞ்சினின் ஒயில் சம்ப், அதாவது அடியில் ஒயில் தங்கும் தட்டு, அலுமினியம், போல்ற் இரும்பு. அளவுக்கு மேல் இறுக்கினால் தோற்பது சம்ப்தான். நல்ல காலம், மரை முழுதாகப் போகவில்லை. அடுத்த வருடம் மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறக்க 2025 பெப்ரவரி ஆனது. அந்த ஐந்து வருடமும் இந்த வாகனம்தான் எங்களுக்கு எல்லாம். இனி அந்தப் போல்ற்றில் என் கையைத் தவிர வேறு கை படக்கூடாது என்று அந்தச் சீவலைக் கண்ட அன்றைக்கே முடிவெடுத்தேன்.

மட்டக்களப்பில் எங்கள் கல்லடி வளவு என்றால் மணல். முதல் தடவை பலகை வைத்து அதன்மேல் ஜக் போட்டேன். வாகனம் உயர உயர பலகை ஒரு பக்கமாகப் புதைந்தது. உடனே இறக்கிவிட்டேன். ஜக்கை மட்டும் நம்பி எந்த வாகனத்துக்கும் கீழே போகக்கூடாது, மணலில் எதை நம்பியும் போகக்கூடாது. அப்புறம்தான் யோசித்தேன், இது காரில்லையே, ஜீப் உயரம். போர்ட்டிகோவின் சீமெந்துத் தரையில் ஏற்றி நிறுத்தி, கைப்பிரேக் போட்டு, சில்லுக்குக் கல் வைத்தால் ஜக்கே தேவையில்லை. பாயை விரித்துப் படுத்தால் தோள் வரைக்கும் உள்ளே போகிறது. வாகனம் மட்டமாக நிற்பதால் ஒயிலும் ஒழுங்காக வடிகிறது.

இன்னொரு விசயம் காற்று. ஆனி, ஆடியில் கச்சான் அடிக்கும்போது ஒருக்கா இந்த வேலையைத் தொடங்கி, பாதியில் பார்த்தால் கழற்றி வைத்த போல்ற்றில் மணல், புனலில் மணல். ஒயில் ஊற்றும் வாய்க்குள் மணல் போனால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அதற்குப் பிறகு காலை ஆறரைக்குத் தொடங்கி காற்று எழும்ப முதல் மூடியைப் போட்டுவிடுவேன்.

முதலில் இஞ்சினைச் சூடாக்க வேண்டும். பாலத்தைத் தாண்டி ரவுண் வரைக்கும் ஓடித் திரும்பினால் போதும். ஒயில் இளகி, அடியிலுள்ள கசடும் சேர்ந்து வரும். ஆனால் வந்த உடனே கை வைக்கக்கூடாது, தோல் உரிந்துவிடும். இருபது நிமிடம் விட்டுவிடுங்கள்.

வடிபோல்ற் 17 மில்லிமீற்றர் அறுகோணத் தலை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பக்கத்திலேயே கியர் பொக்ஸ் ஒயில் வடிக்கும் பிளக்கும் இருக்கிறது. அதன் நடுவில் சதுரக் குழி. அவசரத்தில் அதைக் கழற்றி நல்ல கியர் ஒயிலைக் கொட்டிவிட்டு, இஞ்சினில் பழைய ஒயிலோடு புதியதையும் ஊற்றியவர்கள் உண்டு. சதுரக் குழி தெரிந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

போல்ற்றோடு ஒரு 14 மில்லிமீற்றர் அலுமினிய வொஷர் வரும். ஒரு தடவை நசுங்கி இடைவெளியை அடைப்பதுதான் அதன் வேலை. ஸ்பெயார் பார்ட்ஸ் கடையில் கேட்டபோது, “தம்பி, பழசையே திருப்பிப் போடுங்க, ஒண்டும் ஆகாது” என்றார்கள். ஒரு தடவை அப்படிப் போட்டேன். மூன்றாம் நாள் சீமெந்தில் சில்லறைக் காசளவு கறை. கசிவை நிறுத்த இன்னும் கொஞ்சம் இறுக்கலாம் என்றுதான் மனம் சொல்லும். மரை போவது அங்கேதான். கொழும்புக்குப் போனபோது பஞ்சிகாவத்தையில் பத்து வொஷர் வாங்கி வந்தேன், இப்போது மூன்று மிச்சம். இரண்டாம் வருடம், வைத்த அளவுக்கு இறுகியதும் சத்தம் போடும் டோர்க் ரென்ச் ஒன்றும் வாங்கினேன். இந்தப் போல்ற்றுக்கு 39 நியூட்டன் மீற்றர். ‘டிக்’ என்று கேட்டதும் நிறுத்திவிடுவேன். கையால் இறுக்கிய காலத்தில் நான் எவ்வளவு கூடுதலாக இறுக்கியிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வாங்கிய சாமான்களில் இதற்குக் கொடுத்த காசுக்குத்தான் முழுப் பெறுமதியும் கிடைத்தது. சங்கிலி போட்டுத் திருகும் பில்டர் ரென்ச் ஒரு பில்டரை நசுக்கியதோடு சரி. கோப்பை மாதிரிக் கவிழ்த்துப் போடும் வகைதான் நல்லது. கடல் கிட்ட என்பதால் எல்லாவற்றையும் ஒயில் துணியால் துடைத்து வைக்காவிட்டால் அடுத்த தடவைக்குள் துரு ஏறிவிடும்.

பில்டர்தான் மிகக் கவனம் வேண்டிய இடம். அது இஞ்சினுக்குப் பின்பக்கம், சைலன்சர் குழாய்க்குக் கிட்ட இருக்கிறது. ஸ்டியரிங்கை முழுக்க வெட்டினால் வலது முன்சில்லுக்குப் பின்னாலும் கை போகும். நாலாவது தடவை பழையதைக் கழற்றி, புதியதன் றப்பர் வளையத்தில் ஒயில் தொட்டுப் பூசி, ஒழுங்காக இறுக்கி, நாலு லீற்றர் ஊற்றி ஸ்டார்ட் பண்ணினேன். வெளியே நின்ற மனைவி, “நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க, கீழ ஊத்துது!” என்று கத்தினா. இறங்கிப் பார்த்தால் புது ஒயில் சீமெந்து முழுக்க. பழைய பில்டரின் றப்பர் வளையம் இஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது, நான் அதன்மேல் புதியதைப் போட்டிருக்கிறேன். இரண்டு வளையம் ஒன்றின்மேல் ஒன்று அழுத்தத்தைத் தாங்காது.

அமெரிக்காவில் 2003, 2004 சிஆர்-விகள் சில ஒயில் மாற்றிய கொஞ்ச நாளிலேயே தீப்பிடித்ததற்கும் இதே இரட்டை வளையம்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. கசிந்த ஒயில் சூடான சைலன்சர் குழாயில் விழுகிறது. படித்தபோது எனக்கு உடம்பு குளிர்ந்தது. வீட்டு வாசலில் ஸ்டார்ட் பண்ணியதால் தப்பினேன், வீதியில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இப்போது பழைய பில்டரைக் கழற்றியதும் அதைத் திருப்பி, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்காமல் அடுத்த வேலைக்குப் போவதில்லை. பிறகு இஞ்சின் முகத்தைத் துணியால் துடைத்து, ரோச் அடித்துப் பார்ப்பேன். புதியது கையால் திருகி வளையம் தொட்டதும் முக்கால் சுற்று, அவ்வளவுதான்.

பில்டரோடு சேர்த்து மாற்றும்போது 4.2 லீற்றர் ஒயில் தேவை. கான் வருவது நாலு லீற்றரில். அந்த 200 மில்லிக்காக ஒரு லீற்றர் போத்தல் ஒன்று தனியாக வாங்கி வைத்திருக்கிறேன். இடையில் அளவு குறைந்தால் விடவும் அதுதான். நான் போடுவது 5டபிள்யூ-30. டபிள்யூவுக்கு முன்னாலுள்ள எண் குளிரில் ஒயில் எவ்வளவு இளக்கம் என்பதைச் சொல்வது, நமது ஊரில் அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. 2022இல் ரூபாய் விழுந்து கானின் விலை ஏறத்தாழ இரண்டு மடங்கானபோது, கடையில் கிடைத்தது 10டபிள்யூ-30 மட்டும். அதைப் போட்டும் ஓட்டத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

ஐயாயிரம் கிலோமீற்றர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. குறைவு என்று மச்சான் சொல்வார். அந்தக் கணக்கை நான் மாற்றமாட்டேன். எங்கள் ஓட்டம் அப்படி: பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட மூன்று கிலோமீற்றர், சந்தைக்கு இரண்டு கிலோமீற்றர். இஞ்சின் நன்றாகச் சூடாக முதலே நிறுத்திவிடுகிறோம், ஈரமும் பெற்றோலும் ஒயிலிலேயே தங்கிவிடுகின்றன. சனிக்கிழமையில் மண்முனைப் பாலம் தாண்டிப் படுவான்கரை வயலுக்குப் போனால் கிரவல் தூசு. இந்த இஞ்சினில் டைமிங் பெல்ற் இல்லை, செயின். அந்தச் செயினை இழுத்துப் பிடிப்பதும், வால்வு திறப்பதை வேகத்துக்கேற்ப மாற்றும் வீடெக் வேலை செய்வதும் ஒயில் அழுத்தத்தால்தான். பெற்றோல் வரிசைக் காலத்தில் ஒரு தடவை ஒன்பது மாதம் இழுத்தேன். காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது முன்பக்கம் இரண்டு விநாடி கரகரத்தது. மாற்றியதும் நின்றது. அதற்குப் பிறகு பிந்தவிட்டதே இல்லை.

கூலியில் மிச்சம் வருவது சின்னத் தொகைதான். கழுவி, கிறீஸ் அடித்து எல்லாம் ஒரே இடத்தில் முடிய வேண்டும் என்பவர்களுக்கு சேர்விஸ் ஸ்டேஷனே வசதி.

கடைசியாகக் கழிவு ஒயில். முதல் தடவை வடித்து வைத்ததைக் கண்ட மாமா, “மகன், அத வீசிராதீங்க, வேலிக் கட்டைக்குப் பூசினா கறையான் வராது” என்றார். ஊரில் எல்லாரும் செய்வதுதான், அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் எங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒரு மணல் பட்டி. மாரியில் கிணற்றுத் தண்ணீர் கைவாளிக்கு எட்டும் உயரத்துக்கு வந்துவிடும். கட்டையில் பூசியது மழையில் கழுவுப்பட்டு அந்த மணலுக்குள்தான் இறங்கும், அந்தக் கிணற்றில்தான் நாங்கள் குளிக்கிறோம், சமைக்கிறோம். மாமாவைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய் இதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு சரி என்றார். அடுத்த நாள் வேலிக்கு மரப் பூச்சு வாங்கிக் கொடுத்தேன். ஒயிலைப் புது ஒயில் வந்த கானிலேயே புனல் வைத்து ஊற்றி, இறுக்கி மூடி, பரலில் சேர்க்கும் ஒரு சேர்விஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். காசு கேட்பதில்லை. பழைய பில்டரையும் ஒரு இரவு பேசினில் கவிழ்த்து வைத்தால் இன்னும் ஒரு தேநீர்க் கோப்பையளவு வடியும். அதுவும் அதே கானோடு போகிறது.