பழைய வீடு: பழுதோடு வாங்குவதா, பழுது பார்த்ததை வாங்குவதா?

சின்ன ஊரில் குறைந்த விலைக்குப் பழைய வீடு தேடினால் பெரும்பாலும் இரண்டு வகைதான் கண்ணில் படும். ஒன்று, பல வருடம் பூட்டிக் கிடந்து, காரை உதிர்ந்து, இருந்தபடியே விலைக்கு வருவது. இன்னொன்று, யாரோ வாங்கி, அவசரமாகப் பழுது பார்த்து, பெயிண்ட் அடித்துக் கூடுதல் விலைக்கு விற்பது. இரண்டையும் அலசிவிட்டு நான் வாங்கியது முதல் வகை. அதனால் நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். பழுது பார்த்த வீட்டில் உடனே குடியேறலாம். மற்றதில் வேலை முடியும்வரை வேறு இடத்தில் வாடகை கொடுக்க வேண்டும். சிதைந்து கிடக்கும் வீட்டுக்குக் கடன் கொடுக்கத் தயங்குவார்கள். பத்திரம், வாரிசுப் பங்கு, பாதை உரிமை எல்லாம் இரண்டிலும் ஒரே அளவு தலைவலிதான்.

என் முடிவைத் தீர்மானித்தது ஓதம், அதாவது சுவரில் தங்கும் ஈரம். இன்று வீடு கட்டும் சாதாரண சிமெண்டான போர்ட்லாண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824இல்தான். சாதாரண வீடுகளுக்கு அது வந்து சேர இன்னும் வெகுகாலம் ஆனது. அதற்கு முந்தைய செங்கல் சுவர்கள் சுண்ணாம்பிலோ மண்ணிலோ கட்டியவை. அடியில் ஈரத்தடுப்பு எதுவும் இருக்காது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சுவரின் மேற்பரப்பு வழியே ஆவியாகும். அந்த ஏற்பாட்டில்தான் அவை இத்தனை காலம் நின்றன.

அதன்மேல் சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, எமல்ஷன் அடித்தால் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு ஓடுகிற கதைதான், வியர்வை உள்ளேயே தங்கிவிடும். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். சுவருக்குள் செருகிய உத்திர முனைகளிலும் ஈரம் சேரும். மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடித்து உளுத்துப் போகும், கரையானுக்கும் வசதி. இதில் பெரிய சிக்கல், விற்கிற சமயத்தில் எதுவும் தெரியாது. அப்புறம் சரிசெய்யப் போனால் சிமெண்டைக் கொத்தி எடுக்கும்போது செங்கல்லின் முகமும் சேர்ந்து வரும். ஒரே சுவருக்கு இரண்டு முறை செலவு.

பழுதான வீட்டில் சுவர் எதையும் மறைப்பதில்லை. தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை கறை என்றால் அநேகமாகத் தரை ஈரம். மேலிருந்து வழிந்தால் கூரை. நடுவில் திட்டாக இருந்தால் அருகில் ஓடும் குழாயைச் சந்தேகிக்கலாம். வெளியே மண் உள்தரையைவிட உயர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதை வெட்டித் தாழ்த்தி, மழைநீரைச் சுவரைவிட்டு விலக்கினாலே பாதி ஓதம் அடங்கும். பிறகு பொறுமை வேண்டும். தடித்த சுவர் காய மாதங்கள் ஆகும், ஒரு வருடத்தைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. அதன்பின் சுண்ணாம்புப் பூச்சு. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்துத்தான் அது இறுகும் என்பதால் அவசரப்படுத்த முடியாது. இந்த வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதுதான் உண்மையான கஷ்டம். முடித்துவிட்டால் பராமரிப்பு என்று பெரிதாக எதுவுமில்லை: அவ்வப்போது வெள்ளையடிப்பது, மழைக்கு முன் கூரையையும் வடிகாலையும் பார்ப்பது.

வயரிங்கிலும் இதே கதைதான். சுவிட்ச் பலகை புதிதாக இருப்பதால் உள்ளே ஒயரும் புதிது என்று அர்த்தமில்லை. பலகையைக் கழற்றி எர்த் ஒயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் தயங்கினால் அதுவும் ஒரு பதில்தான்.

சரி, பழுதான வீடு எல்லாமே நல்லதா? இல்லை. சுவர் சாய்ந்திருந்தாலோ, படிபோல ஏறும் அகன்ற விரிசல் இருந்தாலோ பொறியாளர் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பல மழைக்குக் கூரை திறந்தே கிடந்த வீடென்றால் மனை விலைக்குமேல் பேசாதீர்கள். நான் சொல்வது செங்கல், சுண்ணாம்பு வீடுகளைப் பற்றி மட்டும். மண்சுவர், மரச்சட்ட வீடுகளில் எனக்குப் பழக்கமில்லை.

மறுவிற்பனை பற்றியும் அனுபவத்திலிருந்து பேச முடியாது, இன்னும் விற்கவில்லை. ஆனால் சின்ன ஊரில் வாங்குபவர்கள் குறைவு, பழுதுக்குப் போட்ட பணம் முழுதாகத் திரும்பும் என்று கணக்குப் போடாதீர்கள். பழுது பார்த்த வீட்டிலோ அந்தப் பணத்தை விலையிலேயே கொடுத்துவிடுகிறீர்கள்.

ஒரு நிலைமையில் மட்டும் இரண்டாவது வகையை வாங்கச் சொல்வேன்: உரிமையாளர் தான் குடியிருப்பதற்காகவே பழுது பார்த்திருந்து, வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் ரசீதுகளையும் காட்டினால். வேலையைப் பக்கத்திலிருந்து கவனிக்க முடியாதவர்கள் அப்படி ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கலாம்.